மூலைகள் மிஞ்சும்போது செவ்வகங்களால் சரியான பரப்பு எப்படி வரும்?

ஒரு வளையியின் (வளைகோட்டின்) கீழுள்ள பரப்பைக் காண எத்தனை செவ்வகம் போட்டாலும் அதன் ஓரத்தில் மூலைகள் மிஞ்சுமே, பிறகெப்படிச் செவ்வகங்களின் கூட்டுத்தொகை சரியான பரப்பாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் வீட்டோடு உயர்தர இணைந்த கணித வகுப்பு நடத்துகிறேன். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு வரைபுத்தாளில் 0 முதல் 3 வரை, அந்தந்த எண்ணின் வர்க்கமே உயரமாக வளையி வரையுங்கள். அடியை மூன்றாகப் பிரித்து இடது ஓரத்து உயரங்களை எடுத்தால் 0, 1, 4, பரப்பு 5. வலது ஓரம் என்றால் 1, 4, 9, பரப்பு 14. உண்மை விடை நடுவில் எங்கேயோ இருக்கிறது. ஆறாகப் பிரித்தால் 6.875, 11.375. வித்தியாசம் 9 இலிருந்து 4.5 ஆகிவிட்டது, சரிபாதி!

ஏன் சரிபாதி? இப்போது கத்தரிக்கோல் வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் சின்னச் செவ்வகத்துக்கும் பெரிய செவ்வகத்துக்கும் இடையில் ஒரு பெட்டி இருக்கும். வளையி அதற்குள்ளால்தான் போகும். ஆறு பெட்டிகளையும் வெட்டிப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஒன்றின் தலையில் அடுத்தது உட்கார்ந்து ஒரே கம்பமாகிவிடும்: உயரம் 9, அகலம் அரை. போன வருடம் ஒரு மாணவி கடைசிப் பெட்டியை ஒட்டிவிட்டு, "அப்ப இது இதுக்கு மேல உயராதா, மிஸ்?" என்று கேட்டாள். உயராது. ஆயிரம் துண்டு போட்டாலும் உயரம் 9 தான், அகலம் 0.003. உங்கள் மூலைகள் எல்லாம் 0.027க்குள் அடக்கம்.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிப்பியா என்ற நூலின் தொடக்கத்திலேயே இந்தக் கம்பம் இருக்கிறது. வளையி ஏறி இறங்கினால், உச்சியிலும் பள்ளத்திலும் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பம் கட்டுங்கள்.

நம் வளையியின் கீழ் உண்மைப் பரப்பு 9 (கம்பத்தின் உயரமும் 9 என்பது தற்செயல்). இடது, வலது என்ற இரண்டு வகைக் கூட்டுத்தொகையும் ஒருபோதும் 9 ஆகாது, நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் எத்தனை துண்டு போட்டாலும் இரண்டுக்கும் நடுவிலேயே நிற்கக்கூடிய எண் 9 மட்டும்தான். அந்த எண்ணைத்தான் பரப்பு என்கிறோம்.

அப்புறம், கையால் மதிப்பிடுவதென்றால் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்புள்ளி உயரத்தை எடுங்கள். ஒரு பக்கம் கூடுவது மறுபக்கக் குறையைப் பெரும்பாலும் நிரப்பிவிடும். இதே வளையிக்கு மூன்றே செவ்வகத்தில் 8.75 வரும்.