முதலில் இலைக் கணக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. வயது 26. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆனி கடைசியில் எனக்கு நிச்சயம் முடிந்தது. அவர் அரூர்ப் பக்கம், பெங்களூரில் வேலை. தையில் கல்யாணம் என்று பேச்சு, தேதி இன்னும் குறிக்கவில்லை. தட்டு மாற்றிய மறுநாளிலிருந்து வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மண்டபத்துக்கு உடனே அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார் சித்தி. ஆயிரம் பத்திரிகை அடிக்க வேண்டும் என்கிறார் மாமா. ஆடியில் எதையும் பேசக்கூடாது என்கிறார் பாட்டி. மாப்பிள்ளை வீட்டில் கேட்டால், "உங்க இஷ்டம், எப்படிச் செஞ்சாலும் சரி" என்கிறார்கள். அப்பாவுக்குச் சின்னதாக ஒரு மாந்தோப்பு. இந்த வருஷம் காய் விலை படுத்துவிட்டது. 3 லட்சம் இரண்டு வட்டிக்கு வாங்கலாம், மொய் வந்ததும் அடைத்துவிடலாம் என்கிறார். நான் 1,40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு அவர்கள் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் வாழ்த்து. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. "மொய் வந்ததும் அடைத்துவிடலாம்" என்கிற அந்த ஒரு வரிதான் காரணம். எங்கள் அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

முப்பது வருஷத்துக்கு முன் என் அக்கா கல்யாணம், பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் நடந்தது. அறுநூறு பேர் என்று பேசித் தொடங்கியது. அவர்களைக் கூப்பிட்டு இவர்களை விட்டால் பொல்லாப்பு என்று ஏறி ஏறி ஆயிரத்தைத் தாண்டியது. அப்பா மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினார். இவ்வளவு மொய் விழும் என்று மனசுக்குள் ஒரு தொகையையும் போட்டு வைத்திருந்தார். அந்த வருஷம் எங்கள் பக்கம் நிலக்கடலை சரியாக வரவில்லை. வந்த சனத்தின் கையில் காசு இல்லை. அப்பா நினைத்ததில் பாதிகூட விழவில்லை. மண்டபத்துக்கும் மளிகைக்கும் பாக்கி கொடுத்ததில் அது தீர்ந்தது, கடன் அப்படியே நின்றது. ஐந்தாம் வருஷம் கிணற்றடி நிலத்தை விற்றார். இன்றைக்கும் அந்த வழியாகப் போகும்போது அக்கா பேச்சை நிறுத்திவிடுவாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் தன் கல்யாணத்துக்காகப் போன நிலம் என்று இத்தனை வருஷமாக மனசில் வைத்திருக்கிறாள். அந்த நிலைமை உனக்கு வரக்கூடாது.

அதனால் நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். மண்டபம், பத்திரிகை, புடவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டு வாங்கு. முதல் பக்கத்தில் வீட்டில் கையில் இருக்கும் காசை எழுது. மொய்யை வரவில் எழுதாதே. உங்கள் வீட்டில் பழைய மொய் நோட்டு இருந்தால் எடுத்துப் பார். உனக்கு எழுதப் போகிறவர்களில் பலர், அப்பா முன்பு அவர்களுக்குச் செய்ததைத் திருப்புகிறவர்கள். மற்றவர்களுக்கு இனி அப்பாதான் திருப்பிச் செய்ய வேண்டும். சில வீடுகளில் பெயருக்கு எதிரே டிக் போட்டு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தாலே புரியும்.

அந்த 3 லட்சத்தையும் எழுதிப் பார். இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000, வருஷத்துக்கு 72,000. அசலில் ஒரு ரூபாய் குறையாது. மாந்தோப்பு வருஷத்துக்கு ஒரு முறைதான் காசைக் கண்ணில் காட்டும், வட்டிக்காரர் மாதா மாதம் வருவார். பெங்களூரா ரக மாங்காயை அந்தப் பருவத்தில் கூழ் ஆலைகள் எவ்வளவு எடுக்கின்றன என்பதைப் பொறுத்து விலை ஏறும், இறங்கும். அது உன் அப்பா கையில் இல்லை. இந்தக் கணக்கை அவரிடம் வாயால் சொல்லாதே, எழுதிக் காட்டு. நம் பக்கத்து அப்பாக்களுக்கு மகள் வாதாடினால் கோபம் வரும், எழுதிக் காட்டினால் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படிப்பார்கள்.

அடுத்து இலைக் கணக்கு. எத்தனை பத்திரிகை என்று உன் மாமா கேட்கிறார், எத்தனை இலை என்று நீ கேள். ஒரு பத்திரிகைக்கு ஒருவரும் வருவார், ஐந்து பேரும் வருவார்கள். அதுவும் நம் பக்கத்தில் முந்தின நாள் ராத்திரி வரவேற்பு, காலையில் டிபன், முகூர்த்தம் முடிந்து சாப்பாடு என்று மூன்று பந்தி. ராத்திரிக்கு வருகிற கூட்டம் காலையில் இருக்காது. வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரியே தலையைக் காட்டிவிட்டு, மொய் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கையைச் சமையல்காரரிடம் சொன்னால், ராத்திரி பற்றாது, மத்தியானம் அண்டா அண்டாவாக மீந்துபோகும். அப்பா வழி, அம்மா வழி, ஊர், உன் ஆபீஸ் என்று தனித்தனிப் பக்கம் போட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ராத்திரி எத்தனை பேர், காலையில் எத்தனை பேர் என்று எழுது. அவர்கள் பக்கமும் இதேபோல ஒரு பட்டியல் வேண்டும். அரூரிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள் ராத்திரி தங்குவார்களா, விடிகாலையில் வருவார்களா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இந்த எண்ணிக்கை வந்த பிறகு மண்டபம். சித்தி அவசரப்படுவதில் நியாயம் இருக்கிறது. மார்கழியில் நிறுத்தி வைத்த கல்யாணமெல்லாம் தையில்தான் வந்து நிற்கும். முகூர்த்தம் இருக்கிற நாட்கள் கொஞ்சம், மண்டபம் தேடுகிறவர்கள் நிறையப் பேர். ஆவணிக்குள் பேசி முடித்துவிடு. ஒரே தேதியில் பிடிவாதமாக நிற்காமல், ஜோசியரிடம் மூன்று நாள் குறித்து வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போ. சேலம்-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் கிடைத்தால் இரண்டு பக்கத்துச் சனத்துக்கும் வசதி. வாடகையில் என்னென்ன சேர்த்தி என்று கேள். ஜெனரேட்டருக்கு டீசல், சமையல் கேஸ், பாத்திரம், சுத்தம் செய்கிற கூலி எல்லாம் தனி என்று கடைசியில்தான் பல இடங்களில் சொல்வார்கள். எத்தனை மணிக்குச் சாவி, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், தேதி மாறினால் அட்வான்ஸ் என்னவாகும், இதெல்லாம் ரசீதிலேயே இருக்கட்டும். 2020 ஊரடங்கில் வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க என் தங்கை மகன் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும்.

பாட்டி மனசு நோகும்படி எதுவும் சொல்லிவிடாதே. ஆடியில் சுபகாரியம் செய்வதில்லை, சரி. உட்கார்ந்து கணக்குப் போட ஆடியைப்போல ஒரு மாதம் கிடைக்காது. கல்யாணச் சாப்பாட்டுக்கு ஓட வேண்டியதில்லை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று அவரே எத்தனை முறை சொல்லியிருப்பார்!

மாப்பிள்ளை வீட்டின் "உங்க இஷ்டம்" என்கிற பேச்சுக்கு வருகிறேன். நல்ல மனசோடும் சொல்வார்கள், பின்னால் குறை சொல்ல வழி வைத்துக்கொண்டும் சொல்வார்கள். அவர்கள் எந்த மாதிரி என்று எனக்குத் தெரியாது, அதனால் சந்தேகப்படச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வார்த்தையோடு விடாதே. கல்யாணச் செலவு பெண் வீட்டாருக்கா, மாப்பிள்ளை வீட்டாருக்கா என்பதில் நம் இரண்டு மாவட்டத்திலும் சாதிக்கொரு வழக்கம், ஊருக்கொரு வழக்கம். நீங்கள் காவேரிப்பட்டணம், அவர்கள் அரூர். அவர்கள் நினைப்பதும் நீங்கள் நினைப்பதும் ஒன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? வரவேற்பு அவர்களுடையதா, முகூர்த்தச் சாப்பாடு யாருடையது, மேளம், பூ, போட்டோ யார் பொறுப்பு என்று வாய்விட்டுப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். ராயக்கோட்டை, ஓசூர் என்று பூ விளைகிற சீமையில்தான் இருக்கிறோம், ஆனாலும் முகூர்த்த நாளில் மல்லி விலை நம்மைப் பார்த்து இரங்காது.

பேசும்போது நகை இத்தனை பவுன், வண்டி என்று யாராவது வாயெடுத்தால் அங்கேயே நிறுத்து. கேட்பது மட்டுமல்ல, கொடுப்பதும் 1961-ஆம் வருஷத்து வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம். அப்பா தன் பிரியத்துக்கு உனக்கு ஏதாவது வாங்கினால், ஹால்மார்க்கோடு, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகப் பொறிக்கிற ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. அடையாள எண் இருக்கிறதா என்று பார்த்து, பில் உன் பெயரில் வாங்கு. கடைக்குக் கடை மாறுவது செய்கூலியும் சேதாரமும்தான், இரண்டு மூன்று இடத்தில் கேட்காமல் வாங்காதே. கல்யாணத்துக்கென்று கடன் வாங்கி நகை வாங்க வேண்டாம்.

இதையெல்லாம் பெரியவர்களிடம் கொண்டுபோகும் முன் மாப்பிள்ளையிடம் நீ பேசியாக வேண்டும். உன் கடிதம் முழுக்க அவரைப் பற்றி இரண்டு ஊர்ப் பெயர் தவிர எதுவும் இல்லை, அது எனக்கு உறுத்தியது. அப்பாவின் கடன் பேச்சை அவரிடம் சொன்னாயா? சொல்ல வெட்கமாக இருக்கலாம். சொல். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, என்னிடம் எவ்வளவு இருக்கிறது, என்னால் எவ்வளவு முடியும் என்று இருவரும் பேசுங்கள். உன் 1,40,000-ஐயும் முழுசாகக் கல்யாணத்தில் கரைக்காதே. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ், அடுப்பு, பாத்திரம் என்று தை முடிந்த கையோடு செலவு நிற்கும். பெரிய கூட்டம் வேண்டாம் என்று இருவருக்கும் தோன்றினால் அதையும் சேர்ந்தே சொல்லுங்கள். தருமபுரிக் கோட்டையில் கல்யாண காமாட்சியம்மன் சன்னதியில் தாலி கட்டி, நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் இலை போட்டால் அதுவும் கல்யாணம்தான். நீ ஒருத்தி சொன்னால் வீட்டில் அழுகை வரும், அவரும் சேர்ந்து சொன்னால் யோசிப்பார்கள்.

கல்யாணத்தைப் பதிவு செய்வதையும் இப்போதே நோட்டில் குறித்துக்கொள். தமிழ்நாட்டில் 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது கட்டாயம், 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்ய வேண்டும். ஒரு பத்திரிகையும், இருவரின் வயது, முகவரிச் சான்றுகளும் தனியாக எடுத்து வை. பத்திரிகையில் பெயர் எழுத்து உங்கள் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும்.

ஆடிப் பதினெட்டுக்கு அவர்கள் வரும்போது, சாப்பாடு முடிந்து வெற்றிலை பாக்கு வைத்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பா பக்கத்தில் உட்கார். நடுவில் பேச்சு திசை மாறினால் இலைக் கணக்குப் பக்கத்தைத் திருப்பி வை. அன்றைக்கு என்ன பேசினீர்கள் என்று எனக்கு எழுது. அப்பா அந்த 3 லட்சத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பதை முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
அக்கா