61 கட்டைகளும் ஒரு காணிக்கைப் பெட்டியும்

கேள்வி: எங்களுடையது தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சபை. 120 குடும்பங்கள். ஆலயத்தில் இருக்கும் கீபோர்டு வாங்கி 14 வருஷம் ஆகிறது. நாலைந்து கட்டைகள் பேசுவதே இல்லை. இரண்டு கட்டைகள் லேசாகத் தொட்டாலே அலறுகின்றன. ஸ்பீக்கரில் எந்நேரமும் ஓர் உறுமல். புதிதாக வாங்கக் கடையில் 85,000 ரூபாய் சொல்கிறார்கள். கோபுர வேலை நடப்பதால் கமிட்டியிடம் பணம் இல்லை. கூப்பன் அடித்துக் குலுக்கல் நடத்தலாம் என்கிறார்கள் வாலிபர் சங்கத்தார். துபாயில் வேலை பார்க்கும் என் தங்கையும், அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட பெரியப்பா மகனும் உதவத் தயாராக இருக்கிறார்கள். கிறிஸ்மஸுக்குள் வாங்கிவிட ஆசை. நாலு மாதம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?
— பாடகர் குழுவில் பாடும் ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும் முன் பழைய கீபோர்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊமைக் கட்டையும் அலறும் கட்டையும் பெரும்பாலும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். விரலின் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறைகிற கீபோர்டில், ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் பட்டையில் இரண்டு கார்பன் பொட்டுகள் இருக்கும். ஒன்று சற்று முந்தியும் மற்றது பிந்தியும் சர்க்யூட் பலகையைத் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் ஓங்கி அடித்தீர்களா, மெல்லத் தொட்டீர்களா என்று கருவி கணிக்கிறது. உங்கள் பக்கத்துத் தேரிக்காட்டுத் தூசியும் கடற்காற்றும் அந்தப் பொட்டுகளில் படிந்தால் கட்டை ஒன்று பேசாது, அல்லது கணக்குத் தப்பிக் கத்தும். பட்டையை எடுத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தாலே பல கட்டைகள் உயிர்பெறும். ரப்பர் கிழிந்திருந்தால் பட்டையை மட்டும் மாற்றலாம்.

உறுமல் வேறு கதை. உங்கள் கீபோர்டு பேட்டரியிலும் ஓடுமானால், அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் வாசித்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றம் கீபோர்டில் இல்லை, மின் இணைப்பிலும் எர்த்திலும் இருக்கிறது. கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் இடையில், எர்த் இணைப்பைப் பிரித்துவிடும் டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டியை வைத்தால் பெரும்பாலும் சரியாகும். இதைப் பார்க்காமல் லட்ச ரூபாய்க் கருவியைக் கொண்டுவந்து அதே வயரில் மாட்டினால், அதுவும் அதே ராகத்தில் உறுமும். பணம் கொடுத்த 120 குடும்பமும் அந்த உறுமலைக் கேட்கும்.

பழுது பார்த்தபின் புதியது வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் கமிட்டியில் சொல்ல வேண்டிய காரணம் மாறும். பழைய, விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ஒரே நேரத்தில் 32 சுரங்கள்தான் ஒலிக்கும். பாமாலைப் பாட்டை நாலு குரலில் வாசிக்கும்போது பியானோவோடு ஸ்ட்ரிங்ஸ் என்ற வயலின் ஒலியையும் சேர்த்தால், ஒரு கார்டுக்கு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுக்கு, எட்டுச் சுரம். ஒலியை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலை விடாமல் நாலு கார்டு போனால் 32 தீர்ந்தது. ஐந்தாவது கார்டில் முதல் கார்டின் சுரங்கள் அறுந்து விழும். ஸ்டீரியோ ஒலியென்றால் இன்னும் சீக்கிரம். கீர்த்தனைக்கு வந்தால் கமகத்தைக் கொஞ்சமாவது காட்ட, சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டு சக்கரம் வேண்டும். மிக்ஸருக்குப் போக ஹெட்போன் துளை போதாது, வெளி ஒலிக்கருவிக்கென்றே உள்ள லைன் அவுட் துளை தனியாக வேண்டும். ‘பழசாகிவிட்டது’ என்று கேட்டால் கமிட்டி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிடும். இந்த மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது, தொகை. 85,000 என்பது கருவியின் விலை மட்டும். ஸ்டாண்டுக்கு 4,000, சஸ்டெயின் பெடலுக்கு 2,000, கேபிள்களுக்கும் டிஐ பாக்ஸுக்கும் 5,000, உறையோடு பெட்டிக்கு 5,000, மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலிருந்து காக்கும் யூபிஎஸ்ஸுக்கு 5,000, வண்டி வாடகை, கைச்செலவு 4,000 என்று வைத்துக்கொண்டால் 1,10,000 ஆகிறது. இந்தத் துணைச் செலவுகளுக்கும் கடையிலேயே விலை எழுதி வாங்கிக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். 85,000 என்று அறிவித்து வசூலித்துவிட்டு, பிறகு ஸ்டாண்டுக்கும் வயருக்கும் மறுபடி கை நீட்டுவதைப் போலச் சபையைச் சலிப்பூட்டுவது வேறில்லை.

மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, சபைப் போதகரான ஐயரவர்களிடமும் கமிட்டியிடமும் எழுத்தில் கொடுங்கள். மினிட் புத்தகத்தில் நாலு விஷயம் ஏற வேண்டும்: நிதியின் பெயர், இலக்கு, முடியும் தேதி, மிஞ்சினாலோ குறைந்தாலோ என்ன செய்வது என்பது. கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், தகராறும் அங்கேதான் முளைக்கும். 80,000 மட்டும் சேர்ந்தால் சிறிய கருவி வாங்குவதா, ஈஸ்டர் வரை காத்திருப்பதா? மிஞ்சினால் கோபுரத்துக்கா, வாசிப்பவரின் பயிற்சிக்கா? இதையெல்லாம் பணம் வருமுன் எழுதிவிடுங்கள். பணம் சபையின் வங்கிக் கணக்குக்கே வரட்டும். பாடகர் குழுத் தலைவரின் சொந்த ஜிபே எண்ணை வாட்ஸ்அப்பில் போடுவது சுலபம்தான். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், மூன்றாம் மாதம் அவரைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பும்.

2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். ஆலயத்தைப் பழுதுபார்க்க ஆசாரியர்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பணம் வாங்கினார்கள். யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம் வரை வேலை நடக்கவில்லை. பிறகுதான் யோய்தா மூடியில் துவாரமிட்ட பெட்டியைப் பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தார். எண்ணும்போது ராஜாவின் ஆள் ஒருவர், ஆலயத்தின் ஆள் ஒருவர் என இரண்டு பேர். பணத்தைப் பெற்று வேலையை நடத்தியவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்ற 15-ஆம் வசனத்தை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கும் பொருளாளர்கள் உண்டு. அவர்களுக்கு, இரண்டு பேர் எண்ணியதைச் சொல்லும் 10-ஆம் வசனத்தையும் காட்டுங்கள்.

இனி வசூல். தலைக்கட்டு வரிபோல 120 குடும்பத்துக்கும் சமமாகப் போட்டால் வீட்டுக்கு 917 ரூபாய். கணக்குக்கு அழகு, நடைமுறைக்கு ஆகாது. தினக்கூலிக்குப் போகிற விதவைத் தாய்க்கு அது பாரம், பெட்ரோல் பங்க் வைத்திருப்பவருக்கு அது தப்பித்துக்கொள்ளும் வழி. கட்டைக் கணக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும். 61 கட்டைக் கீபோர்டில் வெள்ளை 36, கறுப்பு 25. பெரிய அட்டையில் அதை வரைந்து ஆலய வாசலில் மாட்டுங்கள். வெள்ளைக் கட்டை 1,500 ரூபாய், கறுப்பு 1,000. மொத்தம் 79,000 ரூபாய். முடிந்தவர் 12 கட்டை சேர்ந்த ஒரு ஸ்தாயியை 15,500-க்கு எடுக்கட்டும். முடியாதவர்கள் மூன்று வீடு சேர்ந்து ஒரு கட்டை எடுக்கட்டும். பணம் வந்தபின்தான் வண்ணம் தீட்ட வேண்டும், வாக்குக் கொடுத்ததற்குத் தீட்டக் கூடாது. யார் எந்தக் கட்டை என்று அட்டையில் எழுதவும் வேண்டாம். பெயர் ரசீதில் இருந்தால் போதும். டியூப் லைட்டில் ‘உபயம்’ எழுதி வெளிச்சத்தை மறைக்கிற வழக்கத்தைக் கீபோர்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

அட்டையை மாட்டும் முன்பே ஐயரும் பொருளாளரும் நாலைந்து வீடுகளுக்கு நேரில் போய் இரண்டு ஸ்தாயிகளையாவது உறுதி செய்துகொள்வது முக்கியம். காலியான அட்டையைப் பார்த்து யாரும் முதல் ஆளாக வருவதில்லை. 24 கட்டை நிறைந்த அட்டையைப் பார்த்தால் கை தானாகப் பைக்குள் போகும். ஒரே ஆள் முழுத் தொகையையும் தருகிறேன் என்று வந்தால் நன்றி சொல்லி ஒரு ஸ்தாயியோடு நிறுத்துங்கள். முழுதும் கொடுத்தவரின் மகன்தான் வாசிக்க வேண்டும் என்ற பேச்சு, இன்றில்லாவிட்டால் அடுத்த வருஷம் வரும்.

மீதி 31,000. ஞாயிறுதோறும் பெட்டியில் பத்து ரூபாய் என்று 60 குடும்பங்கள் 16 வாரம் போட்டால் 9,600. அறுப்பின் பண்டிகை இந்த நாலு மாதத்துக்குள் வருகிறதென்றால், பத்துப் பொருளைக் கருவி நிதிக்கென்று முன்கூட்டியே அறிவித்து ஏலம் விடக் கமிட்டியிடம் அனுமதி கேளுங்கள். பண்டிகைக் காணிக்கை முழுவதையும் கேட்காதீர்கள், அதற்கு ஏற்கெனவே வேறு கணக்கு இருக்கும். ஏலத்தில் கவனிக்க வேண்டியது, கேட்ட தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு என்பது. வாழைத்தாரை 3,000-க்குக் கேட்டவர் தாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், பணம் அடுத்த பண்டிகைக்கு வரும். இந்தப் பத்துப் பொருளுக்கு மட்டுமாவது அன்றே ரொக்கம் என்று சொல்லிவிடுங்கள்.

பிரியாணி விற்பனையில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு எட்டு, ஒன்பது பொட்டலம் வரும். 120 ரூபாய்க்கு விற்று, அடக்கம் 80 ஆனால், 150 பொட்டலத்தில் மிஞ்சுவது 6,000. அதற்குப் பெண்கள் ஐக்கிய சங்கம் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும். டோக்கனை வியாழக்கிழமையே விற்று முடித்து, விற்ற எண்ணிக்கைக்கு மட்டும் அரிசி போடுங்கள். மிஞ்சிய இருபது பொட்டலம் லாபத்தில் 2,400 ரூபாயைத் தின்றுவிடும். இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். கிறிஸ்மஸ் பாட்டோடு வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் காணிக்கையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வரும்போது கருவி ஏற்கெனவே வந்திருக்க வேண்டும்.

குலுக்கல் கூடவே கூடாது. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. ஆலயத்தின் பெயரில் நடந்தாலும், பணம் வாங்கிச் சீட்டுக் கொடுத்துப் பரிசு தருவது சட்டச் சிக்கல்தான். அதோடு, பரிசு விழுந்தவர் கமிட்டி உறுப்பினரின் மைத்துனராக இருந்துவிட்டால் அந்தக் கதை பத்து வருஷம் ஓடும்.

தங்கையின் பணமும் பெரியப்பா மகனின் பணமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. தங்கை இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறவர் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. பாஸ்போர்ட் நகலையும் ஒரு கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடிமகனாகிவிட்டவர் தமிழராக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் வெளிநாட்டவர்தான். அவர் தருவதை வாங்க, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-யின் கீழ்ப் பதிவு வேண்டும், அந்தப் பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். ‘உன் கணக்குக்குப் போடுகிறேன், நீ சபைக்குக் கொடுத்துவிடு’ என்பார். சம்மதிக்காதீர்கள். திருமண்டல அலுவலகத்தில் கேட்டு, வழி இல்லையென்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். ஒரு ஸ்தாயியின் 15,500 ரூபாய்க்காகச் சபையை நோட்டீஸ் வாங்க வைக்க வேண்டாம்.

வாங்கப் போகும்போது, வாரந்தோறும் வாசிப்பவரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். கருவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டு மயங்காதீர்கள். கடையில் உள்ள பெரிய ஸ்பீக்கரில் லைன் அவுட் வழியாக மாட்டிக் கேளுங்கள். ஆலயத்தில் ஒலிக்கப்போவது அதுதான். ஒரு பாமாலைப் பாட்டு முழுச் சரணமும், ஒரு கீர்த்தனையும் வாசித்துப் பாருங்கள். டெமோ பாட்டைப் போட்டுக் காட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள். நாலு குரல் பாட்டுக்கு 61 கட்டையின் எல்லை போதும். 88 கட்டைப் பியானோ பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் மெல்லிய கட்டைக்குப் பழகிய விரலுக்கு அது கனம், கன்வென்ஷன் பந்தலுக்குத் தூக்கிப்போக இரண்டு ஆள் வேண்டும். பில் சபையின் பெயரில் இருக்கட்டும், சீரியல் எண்ணோடு. பில் இல்லாமல் பத்தாயிரம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாரண்டியும் இருக்காது. ஆலயத்தில் வைத்து வாசித்தால் வாரண்டி செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது நடக்கும் இரண்டு தவறுகளை மட்டும் சொல்லிவிடுகிறோம். ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ பின் வைத்த வயரை மிக்ஸரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் செருகினால், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பியானோ தகர டப்பாவுக்குள் வாசிப்பதுபோல் கேட்கும், பழி கருவிமேல் விழும். ஒரே வயர்தான் என்றால் ‘எல், மோனோ’ என்று எழுதியிருக்கும் துளையில் சாதாரண மோனோ வயரை மாட்டுங்கள். இன்னொன்று அடாப்டர். யமஹாவிலேயே சிறிய மாடல்கள் 12 வோல்ட், பெரிய மாடல்கள் சில 16 வோல்ட். பின் பொருந்துகிறதே என்று பழைய அடாப்டரைச் செருகக் கூடாது. பழையதன்மேல் பெயின்ட்டால் ‘பழைய கீபோர்டு’ என்று எழுதிவிடுங்கள்.

கருவி வந்த வாரமே வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கீபோர்டைச் சபையின் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். சுருதி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பாட்டு முடிந்ததும் சுழியத்துக்குக் கொண்டுவர வாசிப்பவரைப் பழக்குங்கள், இல்லையென்றால் அடுத்த பாட்டில் கொயர் ஒரு சுருதியிலும் கருவி ஒரு சுருதியிலும் நிற்கும். துடைத்துச் சரிசெய்த பழைய கீபோர்டு ஞாயிறு பள்ளிக்குப் போகட்டும். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் இரண்டு பிள்ளைகளுக்கு அதில் சொல்லிக்கொடுக்க, நிதியில் மிஞ்சியதிலிருந்து ஆசிரியருக்குக் கொடுக்கலாம். அதற்குத்தான் மிஞ்சினால் என்ன என்பதை மினிட் புத்தகத்தில் முதலிலேயே எழுதச் சொன்னது.