பாப்பாவின் சம்பளமும் மேடவாக்கம் பிளாட்டும்

அண்ணாச்சி, வணக்கம். பாப்பாவுக்கு வந்த இரண்டு ஆபர் லெட்டரையும் பார்த்தேன். சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) கம்பெனி வருஷத்துக்கு 4.2 லட்சம், கோயம்புத்தூர் சரவணம்பட்டி கம்பெனி 3.4 லட்சம். கூடவே சென்னை மேடவாக்கம் பிளாட் நோட்டீஸ் ஒன்றையும் அனுப்பி, "வாடகைக்குக் கொடுக்கிற காசை இ.எம்.ஐ.யாகக் கட்டிவிடலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபர் லெட்டரைப் பார்த்துச் சந்தோஷம். நோட்டீஸைப் பார்த்துத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த 4.2 லட்சம். சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்வது சுலபம். காலண்டர் ஆர்டருக்குக் கொட்டேஷன் போடும்போது பேப்பர், பிளேட், மை, பைண்டிங், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துத்தான் தொகை வரும். அவ்வளவும் நமக்கு என்று யாரும் நினைப்பதில்லை. ஆபர் லெட்டரில் போடும் சி.டி.சி.யும், அதாவது ஒரு ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவும், அப்படித்தான். மாதம் 35,000 என்று வகுத்துப் பார்த்திருப்பீர்கள். அதில் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 1,800, பாப்பா பங்கு 1,800. கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, 840 போல ஒதுக்குகிறார்கள்; அதைக் கண்ணால் பார்க்கவே பல வருஷம் ஆகும். இன்சூரன்ஸ் ஒரு 500. லெட்டரின் மூன்றாம் பக்கத்தில் 'வேரியபிள் பே' என்று வருஷத்துக்கு 30,000 இருக்கிறதே, அது வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. தொழில் வரியும் போக, பாப்பா கைக்கு 27,500 வந்தால் சரி. கோவை லெட்டரில் வேரியபிள் கிடையாது. அங்கே கைக்கு வருவது 23,500. லெட்டரில் மாதம் 6,700 ரூபாயாகத் தெரிந்த வித்தியாசம், கைக்கு வரும்போது 4,000.

அந்த 4,000 எங்கே போகும்? போன வருஷம் ஓ.எம்.ஆரில் இருக்கும் துரைப்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி தன் செலவு நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். மூன்று பேர் தங்கும் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) அறை, சாப்பாட்டோடு மாதம் 9,000. அறை என்றால் மூன்று இரும்புக் கட்டில், ஒரு பீரோ, துணி காயப்போட ஜன்னல் கம்பி. அவ்வளவுதான். ராத்திரிச் சப்பாத்தி எட்டரைக்கு மேல் இருக்காது, ஆபீஸில் நேரமாகிவிட்டால் வெளியே சாப்பாடு. அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: 2,300. சரவணம்பட்டியில் அதே மாதிரி அறைக்கு என் மாணவர்கள் 6,500 போலக் கொடுக்கிறார்கள். பஸ் செலவில் பெரிய வித்தியாசம் வராது. 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, இரண்டு ஊரிலும். ஆனால் ஊருக்கு வந்து போவது இருக்கிறது. பொதிகை ரயிலில் இடம் கிடைக்காத தீபாவளி வாரத்தில் ஆம்னி பஸ்காரன் கேட்கும் காசு உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் மாதக் கணக்கில் பரப்பினால், சென்னைச் சம்பளத்தில் கூடுதலாக மிஞ்சுவது ஐந்நூறோ அறுநூறோதான்.

இது தற்செயல் இல்லை, அண்ணாச்சி. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் திறந்தபோது ஓ.எம்.ஆரில் பாதி இடம் வெறும் பொட்டல். சம்பளக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். வீடுகள் அந்த வேகத்தில் வரவில்லை. எல்லோருக்கும் சேர்ந்து சம்பளம் ஏறினால், ஏறிய காசை வீட்டுக்காரர் வாங்கிக்கொள்கிறார். அதே தெருவில் மளிகைக் கடையில் நிற்கிறவருக்கும் செக்யூரிட்டிக்கும் அந்தச் சம்பளம் கிடையாது. அவர்கள் கேளம்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று தள்ளிப் போய்க் குடியிருக்கிறார்கள். சரவணம்பட்டியிலும் இப்போது அதுதான் ஆரம்பித்திருக்கிறது, இன்னும் துரைப்பாக்கம் அளவுக்கு வரவில்லை.

அப்படியென்றால் கோயம்புத்தூரா என்று கேட்பீர்கள். இல்லை, நான் சென்னைக்குத்தான் சொல்வேன். முதல் வேலையின் சம்பளத்தை விட இரண்டாவது வேலையின் சம்பளம்தான் பெரிய விஷயம். மூன்று வருஷம் கழித்து பாப்பா வேறு கம்பெனி தேடும்போது, அறை மாற்றாமலே இன்டர்வியூவுக்குப் போய்வர அங்கே நிறையக் கம்பெனி இருக்கும். சென்னையில் கூடுதலாகக் கொடுக்கும் வாடகை, என் கணக்கில், அந்தச் சந்தைக்குள் நிற்பதற்கான கட்டணம். வீட்டுப் பக்கமாக, தெரிந்த சொந்தம் இருக்கும் ஊரில் இருக்கட்டும் என்று அம்மா நினைத்தால் அதுவும் நியாயமான காரணம்தான். ஆனால் அதைச் சம்பளக் கணக்கோடு குழப்ப வேண்டாம்.

இப்போது பிளாட். விலை 50 லட்சம். வங்கி 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்காது, ஆக 40 லட்சம் கடன். எட்டரை வட்டியில் 20 வருஷம் என்றால் மாதம் 34,700. பாப்பா கைக்கு வரும் சம்பளமே 27,500! அந்தச் சம்பளத்தில் பாதியை இ.எம்.ஐ.க்கு ஒப்புக்கொண்டாலும் வங்கி கொடுப்பது 16 லட்சத்தைத் தாண்டாது. மீதிக்கு அச்சகத்தை அடமானம் வைக்கப் போகிறீர்களா? கையிலிருந்து 10 லட்சம், புது பிளாட் என்பதால் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், அது ஒரு 3 லட்சம். அந்த விலைக்குள்ள வீட்டை வாடகைக்கு எடுத்தால் 15,000-க்குள் கிடைக்கும். வாடகைக் காசில் இ.எம்.ஐ. என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது. அந்த வீடுகளின் விலை, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சம்பாதிக்கும் குடும்பத்தைப் பார்த்து வைத்த விலை. 22 வயதுப் பிள்ளையின் முதல் சம்பளத்துக்கு அது எட்டாது. மாதம் 85,000-க்கு மேல் கைக்கு வரும் காலத்தில் பேசலாம்.

என் பயம் வட்டியைப் பற்றி மட்டும் இல்லை. கடன் இருக்கிற பிள்ளை பெங்களூரில் நல்ல வேலை வந்தாலும் போகத் தயங்கும். மேனேஜர் எப்படிப் பேசினாலும் பொறுத்துக்கொள்ளும். அப்படி மாட்டிக்கொண்ட இரண்டு பேரை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்.

முதல் வருஷம் பி.ஜி.யே போதும். பிறகு கூட வேலை பார்க்கும் பெண்களோடு சேர்ந்து வீடு எடுக்கட்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை மூன்று மாதத்துக்கு மேல் கேட்க முடியாது. பேசிக் குறைக்கலாம்.

பிளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதற்கு முன்னால் இரண்டு கம்பெனி ஹெச்.ஆருக்கும் அவளையே மெயில் போடச் சொல்லுங்கள்: போன வருஷம் சேர்ந்தவர்களுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள், முதல் இன்கிரிமென்ட் எத்தனையாவது மாதம் என்று. பதிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தால் போதும், உட்கார்ந்து முடிவு பண்ணிவிடலாம்.