வாசகர் கேள்வி: தோலை இணையத்தில் வாங்கலாமா, ஆம்பூரில் வாங்கலாமா?

கேள்வி: ஓராண்டாகக் கையாலேயே தோல் பர்ஸ் தைத்துப் பழகிவருகிறேன். விற்பதற்காக அல்ல, பிடித்த வேலை என்பதால்தான். சென்ற மாதம் இணையத்தில் படம் பார்த்து வரவழைத்த பழுப்புத் தோலில் பூ அச்சு பதியவே இல்லை. ஆம்பூரில் கேட்டால் முழுத் தோலாகத்தான் தருவோம் என்கிறார்கள். இனிச் சாமான்களை எங்கே வாங்குவது நல்லது?
– ஒரு வாசகி, குடியாத்தம்.

பதில்: உங்கள் கைவேலையில் குறையில்லை, அம்மா. வந்தது பெரும்பாலும் குரோமிய உப்பால் பதனிட்ட தோலாக இருக்கும். அது மிருதுவாக இருக்கும், நனைந்தாலும் எளிதில் கெடாது. ஆனால் அழுத்தம் விலகியதும் பழையபடி எழும்பிவிடுவதால் அச்சு நிற்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல்தான் ஈரத்தில் இளகி, அச்சை வாங்கிக்கொண்டு, காய்ந்ததும் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் ஒரே சாயத்தைப் பூசிவிட்டால் கைப்பேசித் திரையில் வேறுபாடு தெரியாது. ‘அசல் தோல்’ என்ற சொல்லும் இரண்டுக்கும் பொருந்தும்.

ஆகவே தோலை மட்டுமாவது நேரில் பார்த்து வாங்குங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் தோல் பதனிடும் ஊர்கள் இத்தனை இருக்க, படத்தை நம்பிப் பணம் கட்டுவானேன்? எனினும் இங்கும் காலணிக்கான குரோம் தோலே மிகுதி என்பதால், கடையில் முதலில் வெட்டுமுனையைப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் ஓடினால் அது குரோம். சாயம் உள்வரை ஏறியிருந்தால் இந்த அடையாளம் மறைந்துவிடும். அப்போது கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். மேற்பூச்சு இல்லாத தாவரப் பதனீட்டுத் தோல் அதை உறிஞ்சி அந்த இடம் கறுக்கும். அங்கே நகத்தால் அழுத்தினால் கோடு நிற்கும். முதுகுப் பகுதி கெட்டியாகவும் வயிற்றுப் பகுதி இழுத்தால் நீள்வதாகவும் இருக்கும் என்பதையும் இழுத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பர்ஸுக்கு 1 முதல் 1.2 மி.மீ. கனம் போதும்.

முழுத் தோல் என்றால் அஞ்சவேண்டாம். ஓர் ஆட்டுத்தோல் ஏறத்தாழ 4 முதல் 6 சதுர அடிதான் இருக்கும். பர்ஸின் உட்பக்கத்துக்கு அது உங்களுக்கு நெடுநாள் வரும். அச்சு வேலைக்கான மாட்டுத்தோலை இருவர் மூவர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். வெட்டி மிஞ்சிய துண்டுகள் உண்டா என்றும் தயங்காமல் கேளுங்கள்.

கருவிகளின் கதை வேறு. தையல் துளை போடும் பல்லுளியின் பல்லிடைவெளி 3 மி.மீ.யா, 4 மி.மீ.யா என்பதும், ஊசியின் எண்ணும் தெரிந்தால் போதும். அளவைச் சொல்லி முடித்துவிடக்கூடிய இவற்றை இணையத்திலேயே வாங்குங்கள். ஆனால் நாற்பது ரூபாய் ஊசிக்கு அறுபது ரூபாய் அனுப்புக்கூலி கொடுக்காமல், தேவைகளைச் சேர்த்து ஒரே முறையில் வரவழையுங்கள். தொடங்கும் வேலை முழுவதற்கும் வேண்டிய மெழுகு நூலை மொத்தமாக வாங்கிவிடுங்கள். நான் ஒரு பையைப் பாதி தைத்த பிறகு அதே நிற எண்ணில் மெரூன் நூலை மறுபடி வரவழைத்தேன். வந்தது ஒரு சாயல் வெளுத்திருந்ததால், அந்தப் பை இன்றும் இரண்டு பக்கமும் இரண்டு நிறத் தையலோடுதான் இருக்கிறது. சாயமிடும் தொகுதி மாறினால் இப்படி நேரும்.

திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையை, 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும்; படித்துவிட்டே பணம் கட்டுங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

மனத்துக்குப் பிடித்த தோல் அமைந்துவிட்டால், உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்தில் கடை, கனம், சதுர அடி விலை மூன்றையும் எழுதிவையுங்கள். அடுத்த முறை அதையே கையில் கொண்டுபோய் ‘இதே மாதிரி’ என்று கேளுங்கள்.