ஜிபிஏ போதும், ஆனாலும் உதவித்தொகை நின்றுவிட்டதே!

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எங்களுக்கு கிரீன் கார்டு இருக்கிறது. மகன் இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடித்திருக்கிறான். பெல் கிராண்ட் என்கிற, திருப்பித் தர வேண்டாத அரசு உதவித்தொகையும் அரசுக் கடனும்தான் ஃபீஸில் பெரும்பகுதியைத் தாங்கின. போன வாரம், படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லாததால் ஃபைனான்ஷியல் எய்ட் நிறுத்தப்படுகிறது என்று அவனுக்கு மெயில் வந்தது. ஜிபிஏ, அதாவது மார்க் சராசரி, 2.3 இருக்கிறது. 2.0 இருந்தால் போதும் என்றுதானே சொன்னார்கள்? முதல் செமஸ்டர் நடுவில் மதுரையில் என் அப்பா இறந்துபோனதால் மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டோம். கெமிஸ்ட்ரியை வித்ட்ரா செய்தான், கால்குலஸில் ஃபெயில். அடுத்த செமஸ்டரில் கடையில் ராத்திரி வேலைக்குப் போனதால் இன்னொரு பாடத்தையும் விட்டான். நான் போன் செய்தால் ஆபீஸில் பேச மறுக்கிறார்கள். மார்க் விவரம் இணைத்திருக்கிறேன். இனி என்ன வழி?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா போன துக்கத்தோடு இந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. ஆனால் நீங்கள் அனுப்பிய மார்க்குகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நிலைமை மோசமில்லை.

அமெரிக்க மத்திய அரசின் உதவியில் படிப்பவர்களுக்கு ஜிபிஏ மட்டும் போதாது. எடுத்த கிரெடிட்டில் (ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை என்று வைத்திருக்கும் அலகு) எவ்வளவு முடித்தார்கள் என்பதையும் பார்ப்பார்கள். மகன் முதல் செமஸ்டரில் எடுத்தது 16 கிரெடிட். கெமிஸ்ட்ரி 4, கால்குலஸ் 4 போக, தேறியது 8. அடுத்த செமஸ்டரில் 15 எடுத்து 12 முடித்திருக்கிறான். மொத்தம் 31-க்கு 20, அதாவது 64.5 சதவீதம். பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது 67. இடறியது இங்கேதான்.

அந்த 67 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒரு படிப்புக்கான கிரெடிட்டைப் போல ஒன்றரை மடங்குக்குள் அதை முடித்துவிட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. 120 கிரெடிட் டிகிரி என்றால் 180 வரை எடுக்கலாம். அதற்கு மேல் உதவி கிடையாது. எடுப்பதில் மூன்றில் இரண்டு பங்காவது தேறினால்தான் அந்த எல்லைக்குள் முடிக்க முடியும்.

வித்ட்ரா செய்த பாடம் ஜிபிஏ-வைத் தொடாது. அதனால்தான் பிள்ளைகள் அதை ஒன்றுமே நடக்காத மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கிலோ அது எடுத்த பாடமாகவே நிற்கும். ஃபெயில் ஆவதைவிட வித்ட்ரா மேல் என்று அட்வைசர்கள் சொல்வதில் தப்பில்லை. ஃபெயில் ஜிபிஏ-வையும் சேர்த்தே இழுத்துவிடும். ஆனால் செமஸ்டர் தொடங்கியதும் பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் சில நாள் கொடுப்பார்களே, அதற்குள் நீக்கிவிட்டால் பொதுவாக எந்தக் கணக்கிலும் வராது. சந்தேகமான பாடத்தை அப்போதே விடச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். சில கல்லூரிகள் ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் பார்த்து, முதல் தடவை எச்சரிக்கையோடு விட்டுவிடும். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் பார்க்கும் இடங்களில் எச்சரிக்கை கிடையாது, நேராக நிறுத்தம்தான். உங்கள் மகன் படிப்பது முதல் வகைக் கல்லூரி என்றால், முதல் செமஸ்டர் முடிந்ததுமே அவனுக்கு ஒரு மெயில் வந்திருக்கும். அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம். கேட்டுப் பாருங்கள், திட்டாமல். அப்பீலில் அவன் எழுதப்போவது கல்லூரியின் ஃபைலில் இருப்பதோடு பொருந்த வேண்டும், அதற்காகத்தான் கேட்கச் சொல்கிறேன்.

ஆமாம், அப்பீல் செய்ய வேண்டும். கல்லூரி அதை அனுமதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. எந்தெந்தக் காரணங்களுக்காக என்று விதியிலேயே இருக்கிறது: உறவினர் மரணம், மாணவனுக்கு நோய் அல்லது காயம், வேறு விசேஷச் சூழ்நிலை. நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கும் தாத்தாவின் மரணம் அதில் முதலாவது.

கடிதத்தை மகன்தான் எழுத வேண்டும். அதில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் இருந்தால் போதும். ஏன் தவறியது? இப்போது என்ன மாறியிருக்கிறது? அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு அமெரிக்கா வந்தார்கள் என்கிற கதை நம் வீடுகளிலிருந்து போகும் கடிதங்களில் முதல் பக்கத்தை அடைத்துக்கொள்ளும். அது வேண்டாம். இரண்டாவது செமஸ்டரை மறைக்கவும் வேண்டாம். தாத்தா மரணம் அந்த 3 கிரெடிட்டை விளக்காது. ராத்திரி வேலைக்குப் போனதை அவனே எழுதட்டும். வேலை நேரத்தை எத்தனை மணியாகக் குறைத்திருக்கிறான், கால்குலஸுக்கு யாரிடம் உதவி கேட்டிருக்கிறான் என்பதையும் சேர்க்கட்டும். 'இனி நன்றாகப் படிப்பேன்' என்பது பதிலாகாது.

ஆதாரம் இணைக்க வேண்டும். தமிழ்நாட்டு இறப்புச் சான்றிதழில் ஆங்கிலமும் இருக்கும் என்பதால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். ஆனால் நம் பெயர்களில் இனிஷியலும் அப்பா பெயரும் இடம் மாறிக் கிடப்பதால், இறந்தவர் இவனுக்கு யார் என்று பார்க்கிறவருக்குப் புரியாது. உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் அப்பா பெயர் இருக்கிறதா பாருங்கள். அந்தப் பக்கத்தையும், உங்கள் பெயர் உள்ள மகனின் பிறப்புச் சான்றிதழையும், விமான டிக்கெட்டையும் சேர்த்து அனுப்பினால் சங்கிலி முழுமையாகிவிடும்.

அப்பீலை ஏற்றுக்கொண்டால் ஒரு செமஸ்டருக்கு உதவி திரும்பக் கிடைக்கும், கண்காணிப்போடு. அதில் 15 கிரெடிட் எடுத்து எல்லாம் தேறினால் 46-க்கு 35, அதாவது 76 சதவீதம். 12 மட்டும் தேறினால்கூட 69-க்கு மேல் வந்துவிடும். ஜிபிஏ மட்டும் கல்லூரி கேட்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது.

அப்பீல் நிராகரிக்கப்பட்டாலும் வழி அடைத்துவிடவில்லை. கம்யூனிட்டி காலேஜில் (ஃபீஸ் குறைந்த உள்ளூர்க் கல்லூரி) கைக்காசு போட்டு 6 கிரெடிட் முடித்து மாற்றிக்கொண்டால் 37-க்கு 26, அதாவது 70 சதவீதம். ஜிபிஏ இதனால் பெரும்பாலும் ஏறாது, விகிதம் ஏறும். எந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் பணம் கட்டிவிடாதீர்கள். முடித்த பிறகு, திரும்பப் பரிசீலிக்கச் சொல்லி அவன்தான் கேட்க வேண்டும்.

உங்களிடம் பேச மறுப்பது அவமரியாதை இல்லை. கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளையின் படிப்பு விவரம் அவனுக்கே உரியது என்று 1974-லிருந்து சட்டம் இருக்கிறது. அவன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடலாம். அதைவிடச் சுலபம், அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேச, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயரில் பேரன்ட் பிளஸ் கடன் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அதுவும் மத்திய அரசுக் கடன்தான். இதே விதியில் மகன் தேறினால்தான் கிடைக்கும். தனியார் கடனில் சிலர் இதைப் பார்ப்பதில்லை, ஆனால் பெரும்பாலும் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அப்பீல் முடிவு தெரியும் முன் அதில் இறங்காதீர்கள். அதற்குள் ஃபீஸ் பில் வந்தால் தவணைத் திட்டம் கேளுங்கள். பணம் கட்டாததால் பாடப் பதிவை ரத்து செய்யும் தேதி எது என்பதையும் அந்த போனிலேயே கேட்கச் சொல்லுங்கள்.