‘இருந்தேன் என்றால்’ ஏன் பொருந்தாது? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். ஆங்கில வகுப்பில் ‘இஃப் ஐ வேர்’ என்ற சப்ஜங்டிவை, அதாவது நடந்ததை அல்லாமல் கற்பனையையோ விருப்பத்தையோ சொல்லும் வினைவடிவத்தைப் படித்த கையோடு, தமிழ்க் கட்டுரையில் ‘நான் பிரதமராக இருந்தேன் என்றால்’ என்று எழுதிவிட்டாள். ஆசிரியர் சுழித்திருந்தார். தமிழில் சப்ஜங்டிவ் உண்டா? எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ‘வரிசையில் நிற்க’ என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அது முடியாத வாக்கியம் என்கிறாள். சரியா?

ஒரு வாசகி, ஈசூன்

அன்புள்ள அம்மா,

ஆசிரியர் சுழித்தது சரிதான். ‘இருந்தேன்’ வினைமுற்று, நடந்துவிட்டது என்று அறுதியிட்டுச் சொல்வது. அதன்மேல் ‘என்றால்’ வைத்தால், பதவியில் இருந்தவர் தம் பழங்கதையைச் சொல்வதுபோல் ஆகிவிடும். ‘நான் பிரதமராக இருந்தால் இதைச் செய்வேன்’ என்பதே போதும்.

‘இருந்தால்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: இரு + ந்த் + ஆல். நடுவில் இருப்பது இறந்தகால இடைநிலை. பொருளிலோ இறந்தகாலம் இல்லை. ‘நாளை மழை பெய்தால்’ என்பதும் அப்படியே. உங்கள் மகள் படித்த ‘வேர்’ என்பதும் இறந்தகால வடிவில் வந்து இன்றைய கற்பனையைச் சொல்வதுதான். ஆனால் ஆங்கிலம் நடக்காததற்கென்று அதை ஒதுக்கிவைக்கிறது. தமிழில் ‘ஆல்’ நடக்கக்கூடியதற்கும் வரும், நடக்காததற்கும் வரும். ‘மழை பெய்தால் நனைவேன்’, ‘சிறகு இருந்தால் பறப்பேன்’ இரண்டுக்கும் அமைப்பு ஒன்றே. சிறகு இல்லை என்பது கேட்பவருக்குத் தெரியும். வினை அதைச் சொல்வதில்லை.

வினையே சொல்ல வேண்டுமானால் ‘இரு’வைத் துணைவினையாகச் சேர்க்க வேண்டும், இரண்டு பக்கமும்: ‘மழை பெய்திருந்தால் நனைந்திருப்பேன்.’ மழை பெய்யவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். ‘பெய்திருந்தால் நனைவேன்’ என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

சப்ஜங்டிவ் என்று தனிப்பெட்டி தமிழில் இல்லை. நிபந்தனையை ‘ஆல்’ ஏற்ற எச்சம் (பொருள் முடியாமல் நிற்கும் வினை) பார்த்துக்கொள்கிறது. வாழ்த்தும் வேண்டுகோளும் வியங்கோளுக்குரியவை: வாழ்க, வாழிய. நன்னூல்படி இது மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொது. நான் வாழ்க, நீ வாழ்க, அவர்கள் வாழ்க. இன்று படர்க்கையில் புழக்கத்தில் இருப்பது ‘அட்டும்’. நம் நாட்டுப்பண்ணின் ‘மாஜுலா சிங்கப்பூரா’ தமிழில் ‘முன்னேறட்டும் சிங்கப்பூர்’ ஆனது அப்படித்தான். ‘நீ போகட்டும்’ என்று முன்னிலைக்கு வராது. தன்மையில் ‘நான் போகட்டுமா?’ என்று அனுமதி கேட்கலாம்.

இனி அந்த அறிவிப்பு. ‘நிற்க’ வியங்கோள் முற்று, ஆகவே அது முழு வாக்கியமே. ஆனாலும் மகளின் காது தவறாகக் கேட்கவில்லை. செல்க–செல்ல, எழுதுக–எழுத என்று வியங்கோளும் எச்சமும் பல வினைகளில் வேறுபட்டு நிற்கும். நிற்க, படிக்க, கொடுக்க போன்றவற்றில் இரண்டும் ஒரே வடிவம். ‘வரிசையில் நிற்க’ என்றதும் ‘நிற்க என்ன?’ என்று மனம் அடுத்த சொல்லைத் தேடுகிறது. இத்தகைய வினைகளுக்கு அறிவிப்பில் ‘நிற்கவும்’ என்றே எழுதச் சொல்வேன். ‘செல்க’வுக்கு அந்த உதவி தேவையில்லை.