கொரோனா ஊரடங்கில் வாடகை கட்ட முடியாத ஏழைக் குடும்பங்களுக்கு ஏதாவது உதவி கிடைத்ததா? இனி அப்படி ஒரு காலம் வந்தால் அரசு என்ன செய்யலாம்?

எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் அது அரசு கொடுத்த பணம் இல்லை, நாங்களே கொடுத்து வைத்திருந்த அட்வான்ஸ்.

2020-ல் சென்னை சூளைமேட்டில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். வாடகை 5,500, அட்வான்ஸ் 40,000. அப்பா கல்யாண மண்டபங்களில் சமையல் வேலைக்குப் போகிறவர். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் வரும் காசை வைத்துத்தான் ஆடி மாதத்தை ஓட்டுவோம். அந்த வருஷம் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்றார்கள். 50 பேருக்குப் பொங்க வெளியாள் எதற்கு?

ஹவுஸ் ஓனர் அம்மா முன்பக்கம் தனியாக இருந்தார். நாலு போர்ஷன் வாடகையில்தான் அவருடைய சாப்பாடும் மாத்திரையும். சப் மீட்டர் ரீடிங் குறிக்கிற நோட்டில், ஏப்ரலுக்கு நேராக "அட்வான்ஸில்" என்று எழுதினார். ஆகஸ்ட் வரைக்கும் அதே வார்த்தைதான். காலி பண்ணுங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த அட்வான்ஸ் பணம் அவர் மகள் கல்யாணத்திலேயே செலவாகியிருந்தது. நோட்டில் கழிந்ததே தவிர, அவர் கைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார் என்று எங்கள் அம்மா வந்து சொன்ன ராத்திரி, எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

2020 மார்ச் 29-ல் மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டது: தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, காலி செய்யச் சொன்னால் நடவடிக்கை. நல்லதுதான். ஆனால் கேட்காத வாடகையை யார் கொடுப்பது என்று அதில் இல்லை. அதே நாளில் டெல்லி முதல்வராக இருந்த கெஜ்ரிவால், ஏழைகளால் முடியாவிட்டால் வாடகையை அரசே கட்டும் என்றார். அது நடக்காமல் வழக்கு வந்தது. 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், முதல்வர் கொடுத்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அதற்குத் தடை போட்டுவிட்டது. நம் ஊரில் ரேஷன் கார்டுக்கு 2020-ல் இரண்டு தடவை 1,000 ரூபாயும், அடுத்த வருஷம் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் வந்தன. அது மளிகைக்கே சரியாகிவிட்டது.

அமெரிக்காவில் வாடகைக்கென்றே தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலர், 2021 மார்ச்சில் இன்னும் 2,155 கோடி. பெரும்பாலும் வீட்டுக்காரருக்கே நேராகப் போகும், அவர் வாங்க மறுத்தால் குடித்தனக்காரர் கையில் கொடுக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது. இரண்டு பேர் வீட்டிலும் அடுப்பு எரியும். ஆனால் ஜூலை கடைசி வரை சுமார் 510 கோடி டாலர்தான் பட்டுவாடா ஆகியிருந்தது. வருமானச் சான்று, அது இது என்று காகிதத்திலேயே பலர் மாட்டிக்கொண்டார்கள். வருமானத்தை அவரவர் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே ஏற்கலாம் என்று நிதித்துறை ஆகஸ்ட்டில் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு மறுநாளே, வாடகை கட்டாதவர்களைக் காலி செய்ய வைக்கக் கூடாது என்று அங்கே இருந்த தடையை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

இங்கே காகிதம் இன்னும் பெரிய சிக்கல். எங்களிடம் அக்ரிமெண்ட் இல்லை, ரசீது இல்லை, ஈபி கார்டு ஓனர் பேரில். அந்த வீட்டில் குடியிருந்தோம் என்பதற்கு இருந்ததெல்லாம் ரேஷன் கார்டு விலாசமும் அந்த நோட்டும்தான். இந்த இரண்டையும் சான்றாக ஏற்று, மூன்று மாத வாடகையை ஓனர் கணக்கில் அரசு போட்டிருந்தால் போதும், அந்தம்மா மாத்திரையை விட்டிருக்க மாட்டார்.

2021 ஜனவரியில் வேலைக்குத் தோதாக வேறு வீடு பார்த்தோம். ஐந்து மாதம் கழிந்து 12,500 மீதி. வெள்ளையடிக்கப் பிடிக்க வேண்டியதை அந்தம்மா பிடிக்கவில்லை, முழுசாக எண்ணிக் கொடுத்தார். புது வீட்டில் அட்வான்ஸ் 50,000 கேட்டார்கள். அம்மா கழுத்துச் சங்கிலியை அன்றைக்குத்தான் அடகு வைத்தோம்.